பூங்கோதை விளம்பரம்

ஜூன் 18, புதன்

இது பூங்கோதை ஜவுளிக்கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி. எங்கள் மெல்லிசைக் குழு நாயகண்ணன் இரண்டு வாங்கி ஒன்றை என்னிடம் தந்தார். பாட்டு எழுதி வைத்துக்கொள் என்றார். பிப்ரவரி வரைக்கும் பாட்டு இருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாம் வெறும் தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுதாமல் விட்டால் எழுத்து மறந்துபோகும் என்று இன்றைக்கு எழுதுகிறேன். வேறு ஒன்றும் இல்லை.

எலுமிச்சை மண்டியில் வரத்து குறைவு. சின்னது தனி, நடுத்தரம் தனி, பெரிசு தனி என்று பிரித்துப் போட்டுவிட்டு மத்தியானமே எழுந்துவிட்டோம். சாறு பட்டு விரலெல்லாம் எரிகிறது. கத்தரிக்காய் வாங்கினேன். போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் சற்று உட்கார்ந்தேன். வெயில் தாங்கவில்லை, அதனால்தான்.

பக்கத்தில் கோவில்பட்டிக்குப் போகிற ஒரு அம்மாள், மடியில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே குழாய் ஸ்பீக்கரில் கண் ஆஸ்பத்திரி விளம்பரம் முடிந்து, வீட்டுமனை விளம்பரம் முடிந்து, பூங்கோதை வந்தது.

“என்னங்க, ஊர்ல எல்லாரும் புதுச்சேலை எடுத்தாச்சு. எனக்கு?”

“ஒனக்கு இல்லாமலா? கெளம்பு, பூங்கோதைக்கு.”

“வெல ரொம்ப இருக்குமே.”

அதற்கு அவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். “நீ பாத்து எடு. நான் பக்கத்துலயே நிக்கேன்.”

பிறகு இரண்டு குரலும் சேர்ந்து பாட்டு. பட்டும் உண்டு, பருத்தியும் உண்டு, பார்த்து எடுக்கப் பொழுதும் உண்டு, பூங்கோதை, நம்ம செவல்பேட்டைப் பூங்கோதை.

“சிரிப்பப் பாரேன். பொண்டாட்டி மேல எம்புட்டுப் பிரியம்” என்றாள் அந்த அம்மாள். “இவுக நெசமாவே புருசன் பொண்டாட்டியா?”

“இல்ல. இந்த ஊரு மெல்லிசைக் குழுவுல பாடுறவங்க. அவரு மாசியில தவறிட்டாரு.”

“அட பாவமே. அந்தப் பொம்பள?”

“அவ இருக்கா” என்றேன்.

அந்த அம்மாளுக்கு அடையாளம் தெரியவில்லை. என் குரல் மைக்கில் வேறு மாதிரி இருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. பம்பில் அடித்து இரண்டு குடம் எடுத்தேன். கை வலி.

ஜூன் 23, திங்கள்

அந்தோணி என்னைப் பார்த்ததும் மாடியிலிருந்து இறங்கி வந்தான். பஸ் ஸ்டாண்டு விளம்பரம் எல்லாம் அவன் கையில். நேரக்காப்பாளர் அறைக்கு மேலே ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக். பிள்ளை தொலைந்தாலும் அவன்தான் அறிவிப்பான், பர்ஸ் கிடைத்தாலும் அவன்தான்.

“வடிவக்கா, ஒரு சங்கதி. ஆடி ஒண்ணோட பூங்கோதைய நிறுத்தச் சொல்லிட்டாக.”

“கடையையா?”

“கடைய எதுக்கு நிறுத்துதாக? வெளம்பரத்த. மதுரையில புதுசா ஒண்ணு பண்ணுதாகளாம். டப்பிங் பேசுற ஆளுகளாம்.”

“ஏன், இதுக்கு என்ன கொறைச்சல்?”

“கடை அண்ணாச்சி சொன்னாரு. நான் ஏன்னு கேக்கல.” பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “நாலு வருசமா ஓடுதுல்லா” என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் குடையை அங்கேயே விட்டுவிட்டது தெரிந்தது.

எனக்கு ஒன்றும் இல்லை. கடை அவர்களுடையது, விளம்பரமும் அவர்களுடையது. ஆனால் ஊருக்குப் பழகிப்போன சத்தம். சங்கரன்கோவில் வண்டிக் கண்டக்டர், “பூங்கோதை பாடியாச்சு, எடுப்போமா” என்றுதான் டிரைவரிடம் கேட்பார். பூக்காரச் செண்பகம் “நான் பக்கத்துலயே நிக்கேன்” என்று அவர் மாதிரியே சொல்லிக் கிழவர்களைக் கேலி செய்வாள். திடீரென்று நிறுத்தினால் ஊருக்கு ஒரு மாதிரி இருக்குமே என்றுதான் யோசிக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

பூங்கோதைக்குப் போனேன். அண்ணாச்சி ஜாக்கெட் துணி அளந்துகொண்டிருந்தார். கூட்டம் குறையும் வரைக்கும் ஓரமாக நின்றேன்.

“என்ன வடிவு, கச்சேரி எப்ப?”

“ஆடியில கோவில் கொடைக்கு அண்ணாச்சி. இன்னும் முடிவாகல.” அந்தப் பேச்சை விட்டுவிட்டு, விளம்பரத்தைக் கேட்டேன்.

அவர் கத்திரிக்கோலை வைத்தார். “ஆவுடை வந்திருந்தா. எம் புருசன் கொரலு பஸ் ஸ்டாண்டுல கேக்கக்கூடாதுன்னா. செத்தவரு கொரல வச்சு சேலை விக்கியளான்னா. நான் என்ன செய்ய? அவ பொண்டாட்டி. சொல்ல உரிமை இருக்கு.”

ஆவுடையம்மாள் நாயகண்ணனின் மனைவி. நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன்.

“நானும் அதுல பேசியிருக்கேன்லா அண்ணாச்சி” என்றேன்.

“அதுதான் வடிவு அவளுக்குப் பிடிக்கல போலுக்கு.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் கடையில் வேலை பார்க்கிற பெண்கள் நின்றதால் குரலைத் தாழ்த்திக்கூடச் சொன்னார். அப்படித் தாழ்த்திச் சொன்னதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

வரும்போது ஒரு ஜாக்கெட் துணியை மடித்துக் கையில் வைத்தார். வேண்டாம் என்றால் எனக்கு வருத்தம் என்று நினைப்பார். வாங்கிக்கொண்டேன். ஊதா நிறம்.

ஜூன் 27, வெள்ளி

தூக்கம் பிடிக்கவில்லை. அதனால் அந்த நாளை எழுதுகிறேன்.

விளம்பரம் பதிவு செய்தது அந்தோணியின் அறையில்தான். அண்ணாச்சி மகன் தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். “விலை அதிகமாக இருக்குமே” என்று இருந்தது. எனக்கு வாயில் வரவில்லை. இரண்டு தரம் தப்பு. மூன்றாம் தரம் தாளைப் பார்க்காமல், காய்க்கடையில் கேட்பது மாதிரி “வெல ரொம்ப இருக்குமே” என்று இழுத்துவிட்டேன். நாயகண்ணன் சிரித்துவிட்டார். சிரிப்பு தாளில் இல்லை. அந்தோணி, இதுதான் நல்லாயிருக்கு, விட்டுருவோம் என்றான்.

கச்சேரி மேடையில் நாங்கள் பாடாத ஜோடிப் பாட்டு இல்லை. பாட்டு முடிந்தால் மைக்கில் அவர் “தங்கச்சி வடிவுக்கு ஒரு கைதட்டு” என்பார். நானும் “அண்ணன் நாயகத்துக்கு” என்பேன். அதுதான் வழக்கம். அவரை நான் என்னங்க என்று கூப்பிட்டது அந்த ஒரு விளம்பரத்தில்தான். அதுவும் தாளில் எழுதியிருந்ததால்.

சென்னைக்கு வரச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு ஸ்டுடியோவில் கீபோர்டு வாசிக்க. போகவில்லை. நான் ஏன் என்று கேட்டேன்.

“அங்க நான் தப்பா வாசிச்சா எவன் கேப்பான்?” என்றார். “இங்க பாரு, காலையில முடிவெட்டப் போனேன். கத்தியக் கழுத்துல வச்சுக்கிட்டு, நேத்து ரெண்டாவது சரணத்துல ஏன்யா இழுத்தேன்னு கேக்கான். மண்டியில மூட்டை தூக்குறவன், வடிவு சுதி சேரல, தொண்டை கட்டியிருக்கா, மிளகு குடுங்கன்னு சொல்லுதான். இப்படி ஒரு ஊர விட்டுட்டு எங்க போறது?”

ஊர்வலம் போகும், கடை திறப்பார்கள், காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம், எங்கே ஸ்பீக்கர் கட்டினாலும் அவர் நின்று கேட்பார். பஸ் ஹாரனைக்கூட எந்தச் சுதி என்று சொல்வார். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

அவர் தவறின அன்றைக்கு நான் குழுவோடு தெருமுனையில் நின்றேன். வீட்டுக்குள்ளே பெண்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். நான் உள்ளே போகவில்லை. நாற்காலி வாடகைக்காரன் வந்தான், அவனிடம் கணக்குச் சொல்ல ஆள் வேண்டும் என்று நின்றேன்.

ஜூன் 30, திங்கள்

தம்பி திருப்பூரிலிருந்து போன். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை இருக்கிறதாம். உட்கார்ந்த இடத்தில் வேலையாம். “அங்க தனியா கெடந்து என்னக்கா செய்யுத? இங்க பிள்ளைகளோட இருக்கலாம்லா” என்றான். ஆடி பிறக்கட்டும் சொல்கிறேன் என்றேன். அவன் நல்ல பிள்ளை.

ஆடியோடு அந்தச் சத்தமும் நின்றுபோனால், திருப்பூருக்குப் போனாலும் போகலாம். அதற்குப் பிறகு தினமும் அந்த வழியாக மண்டிக்கு நடந்து போக வேண்டுமே என்று நினைத்தால் இப்போதே காலில் பலம் இல்லை.

ஜூலை 2, புதன்

இன்றைக்குக் கண் ஆஸ்பத்திரி முடிந்தது. வீட்டுமனை முடிந்தது. அடுத்து மறுபடியும் கண் ஆஸ்பத்திரி வந்தது.

ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறதே. மாடிப்படி ஏறினேன். பாதியில் மூச்சு வாங்கியது.

“அந்தோணி, நிறுத்திட்டியா?”

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “என்னத்தக்கா? ஐயோ அதுவா, கம்ப்யூட்டரு நின்னு நின்னு ஓடுது. அத விட்டுட்டுப் போயிருக்கும்.” கையைக் கழுவிவிட்டு வந்து எதையோ தட்டினான். வெளியே கேட்டது. “என்னங்க, ஊர்ல எல்லாரும்...”

“ஒக்காருங்கக்கா, தண்ணி குடிங்க” என்றான். “எதுக்கு இப்படி ஓடி வாறிய?”

குடையை எடுக்க வந்தேன் என்றேன். குடை ஒரு வாரத்துக்கு முன்னேயே கிடைத்துவிட்டது. என் கையில்தான் இருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

ஜூலை 4, வெள்ளி

மதினியிடமே கேட்டுவிடலாம் என்று தியேட்டர் தெரு வரைக்கும் போனேன். பையில் நாலு எலுமிச்சை. வாசலில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

கேட்க எனக்கு என்ன முறை இருக்கிறது?

ஜூலை 6, ஞாயிறு

போய்விட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கதவு திறந்துதான் இருந்தது. மதினி தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சுவர் ஓரமாக அவருடைய கீபோர்டு, மேலே ஒரு பழைய சேலையைப் போர்த்தி வைத்திருந்தாள்.

“வா. எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“நல்லா இருக்கியளா மதினி?”

“நல்லா இருக்கேன். புருசன் செத்தவளுக்கு என்ன கொறைச்சல்? மக போன் பண்ணுதா, சோறு பொங்குதேன், தின்னுதேன். ஒக்காரு.”

எலுமிச்சையைத் தரையில் வைத்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

“அண்ணாச்சிட்ட போயிக் கேட்டியாமே.”

“ஊர்க்காரங்கள்லாம் கேட்டுப் பழகினது மதினி. சட்டுன்னு நிறுத்தினா...”

“ஊர விடு. ஊரு நாளைக்கு வேற ஒண்ணக் கேக்கும். ஒனக்கு என்ன வேணும், அதச் சொல்லு.”

நான் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். “அண்ணன் கொரலு நிக்கக்கூடாது. அவ்வளவுதான்.”

“அண்ணன்” என்றாள் மதினி. அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு, உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டாள்.

பிறகு அவளே பேசினாள்.

“பங்குனியில மக வீட்டுக்குப் போறதுக்கு பஸ் ஸ்டாண்டுல நின்னேன். சிவகாசி வண்டி வரல. கையில பையி, கட்டுச்சோறு. தலைக்கு மேல அவரு சிரிக்காரு. எனக்கு ஒடம்பே தூக்கிப் போட்டுட்டு. அப்படிச் சிரிச்சு எங்கிட்ட ஒருநாளும் பேசினது கெடையாது. மாத்திரை எங்க, சட்டை எங்க, லைட்ட அணை. எங்கிட்ட பேசினதெல்லாம் அதுதான். அங்க ஒருத்திகிட்ட சொல்லுதாரு, பக்கத்துலயே நிக்கேன்னு. நான் பையத் தூக்கிக்கிட்டுத் தனியா நிக்கேன்.”

“அது எழுதிக் குடுத்தது மதினி. அண்ணாச்சி மகன் தாள்ல எழுதி...”

“சிரிப்பையுமா எழுதிக் குடுத்தான்?”

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். வெங்காயம் உரித்தால் கண்ணில் தண்ணீர் வருவது எல்லாருக்கும் உள்ளதுதான்.

மதினி முந்தானையில் கையைத் துடைத்தாள். “நிறுத்த வேண்டாம். எனக்கும் அது நின்னுட்டா அவரு கொரலு வேற எங்கயும் இல்ல. செல்லுல இருக்கு, ஆனா செல்லுல பாட்டாதான் இருக்கு. பேச்சு இல்ல. அதனால நிறுத்த வேண்டாம். ஆனா நீ அதுல இருக்க வேண்டாம்.”

“புரியல மதினி.”

“அந்தக் கேள்விய நான் கேக்கேன். அவரு எனக்குப் பதில் சொல்லட்டும். அந்தோணிட்ட கேட்டேன். அவரு பேசினத மட்டும் தனியா வச்சுக்கிட்டு, நடுவுல என்னப் பேச வைக்க முடியுமாம். நேத்துப் பேசிப் பாத்தேன். ரேசன் கடையில கார்டு நம்பரு சொல்லுத மாதிரி இருக்குன்னுட்டான் பாவி.” அவள் என்னைப் பார்த்தாள். “நீதான் சொல்லித் தரணும். ஒனக்குத்தான் அது வரும்.”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மதினிக்கு வராவிட்டால் விளம்பரம் நிற்கும். வந்தால் நான் அதில் இல்லை. இரண்டில் எது நடந்தால் நல்லது என்று தெருவில் நடக்கும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். தெருமுனையில் குனிந்து பார்த்தால், என் செருப்பை அங்கே விட்டுவிட்டு மதினி செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். திரும்பிப் போனேன். அவள் வாசலில் என் செருப்போடு நின்றாள்.

“இதையும் எடுத்துக்கிட்டுப் போகப் பாத்தியா?” என்றாள்.

சிரித்தாளா இல்லையா என்று தெரியவில்லை.

ஜூலை 7, திங்கள்

அண்ணாச்சியிடம் சொன்னோம். மதினியும் நானும் சேர்ந்து கடைப்படி ஏறியதைப் பார்த்து அவர் எழுந்தே நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நன்றாக வந்தால் சரி, இல்லாவிட்டால் மதுரை ஆட்கள்தான் என்றார். அவர் மகன் உள்ளே இருந்து, “அத்தை பேசட்டும், பாட்டுக்கு மதுரையிலேர்ந்து ஒரு பொண்ணப் பாடவச்சு மாத்திக்கலாம்” என்றான். மதினி ஒன்றும் சொல்லவில்லை. நான் இருக்க வேண்டாம் என்றால் பாட்டிலும் இருக்க வேண்டாம்தானே.

ஜூலை 9, புதன்

மண்டி முடிந்ததும் நேராக மதினி வீடு.

முதல் சொல்லிலேயே முட்டிக்கொண்டது. “என்னங்கன்னு எந்த ஊருல கூப்புடுதாக? நான் ‘இங்கேருங்க’ன்னுதான் கூப்புடுவேன். அவரும் அதுக்குத்தான் திரும்புவாரு.”

“அப்ப அப்படியே கூப்புடுங்க மதினி.”

கூப்பிட்டாள். அந்தச் சொல் மட்டும் அவளுக்குத் தானாக வந்தது. சமையல் அறையிலிருந்து முன்னறைக்கு எப்படி வருமோ அப்படி. அவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கலாமா என்றுகூட எனக்கு இருந்தது.

மற்றதெல்லாம் வரவில்லை. சண்டைக்குக் கேட்பது மாதிரிக் கேட்கிறாள்.

ஜூலை 10, வியாழன்

“வெல ரொம்ப இருக்குமே” என்பதுதான் கஷ்டம். மதினி அதைத் திட்டுவது மாதிரிச் சொல்கிறாள். அதற்குப் பின்னால் அவர் சிரித்தால் அவளைக் கேலி செய்வது மாதிரி ஆகிவிடும்.

“நீ எப்படிச் சொன்ன? எதுக்குச் சிரிச்சாரு?” என்று கேட்டாள்.

சொல்ல வேண்டி வந்தது. “காய்க்கடையில நான் பேரம் பேசுறத அண்ணன் கேலி பண்ணுவாரு. அன்னைக்கு அதே மாதிரி வாயில வந்துட்டு. சிரிச்சிட்டாரு.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “காய்க்கடைக்கு ரெண்டு பேரும் சேந்து போவியளா?”

“கச்சேரி முடிஞ்சு வாற வழியில விடியக்காலம் சந்தையில வேன நிறுத்துவாக. குழுவுல எல்லாரும் எறங்குவோம்.”

“ம்.”

இனி வராதே என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். வெளியே ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

“எனக்குப் பேரம் பேச வராது” என்றாள் கடைசியில். “கேட்டதக் குடுத்துட்டு வந்துருவேன். அதுக்கு ஏசுவாரு. ஒன் தலையில மொளகாதான் அரைப்பானுகன்னு.”

“அப்ப நீங்க அதிக வெலைக்கு வாங்கிட்டு வந்து, அவருகிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு நிக்கிய. இப்ப சொல்லுங்க.”

மதினி வாசற்படியைப் பார்த்து, மெதுவாக, “வெல ரொம்ப இருக்குமே” என்றாள்.

என்னுடையது மாதிரி இல்லவே இல்லை. ஆனால் அதற்குச் சிரிக்கலாம். அவரே உட்கார்ந்திருந்தாலும் சிரித்திருப்பார். நான் சொன்னதற்குச் சிரித்ததைவிட நன்றாகவேகூட.

வீட்டுக்கு வந்து சோறு வைக்கவில்லை. பசி இல்லை.

ஜூலை 11, வெள்ளி

தம்பி மறுபடி போன். பை எடுத்து வைக்கத் தொடங்கு என்றான். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் துடைத்தேன். கச்சேரிச் சேலைகள் இருந்தன. ஜிகினா உதிர்ந்து பெட்டியெல்லாம் ஒட்டியிருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

பதிவு முடிந்தது.

அந்தோணி ஃபேனை நிறுத்திவிட்டான். ஜன்னலை மூடினாலும் ஹாரன் கேட்கிறது. ராஜபாளையம் வண்டி போகட்டும், தென்காசி வண்டி போகட்டும் என்று காத்திருந்து காத்திருந்து எடுத்தோம். மதினி காதில் பெரிய ஹெட்போன். அதில் அவர் குரல் மட்டும் வரும். நடுவில் இடம் விட்டிருக்கும், அந்த இடத்துக்குள் பேசி முடிக்க வேண்டும். அந்த இடம் என் பேச்சுக்கு அளந்து விட்டது. கொஞ்சம் தாமதித்தாலும் அவர் பதில் அவள் பேச்சின் மேல் ஏறிவிடும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரி தொடங்கும்போதும் அவள் மணிக்கட்டில் விரலால் தட்டினேன். மேடையில் நாயகண்ணன் எனக்கு அப்படித்தான் எடுப்புக் கொடுப்பார், கீபோர்டு ஓரத்தில் தட்டி. அதை மதினியிடம் சொல்லவில்லை.

முதல் தரம் அவர் குரல் காதில் வந்ததும் மதினி ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அந்தோணி என்னைப் பார்த்தான். இவளால் முடியாது, முடிந்தது எல்லாம் என்று நினைத்தேன். நினைத்தபோது உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் பயந்துபோனேன்.

எழுந்து போய் ஹெட்போனை எடுத்து மறுபடி அவள் காதில் வைத்தேன். “அவரு காத்துக்கிட்டு இருக்காரு மதினி. கூப்புடுங்க” என்றேன்.

கூப்பிட்டாள்.

அதற்கு மேல் அவள் எங்கேயும் தடுமாறவில்லை. “வெல ரொம்ப இருக்குமே” என்று அவள் சொன்னதும் அந்தோணி கையைத் தூக்கினான். வெளியே எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் சிரிப்பு அவள் காதுக்கு மட்டும்தான் போனது. நான் அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், இப்போது சிரிக்கிறார், இப்போது சொல்கிறார் என்று. அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது.

முடிந்ததும் மதினி படியிறங்கிப் போய்விட்டாள். சொல்லிக்கொண்டு போகவில்லை. பாட்டு யார் பாடுகிறார்கள் என்று அந்தோணியிடம் கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. மதுரைப் பெண் வந்து பாடுவாள். நன்றாகத்தான் பாடுவாள்.

ஜூலை 15, செவ்வாய்

மண்டியில் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் வரமாட்டேன் என்று. “கச்சேரிக்கா?” என்றார். “திருப்பூருக்கு” என்றேன். மூட்டை தூக்குகிற பாண்டி, “அங்க போயி யாரு சுதி சேக்க?” என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

காலையிலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு தரம் கேட்டுவிட்டால் போதும், பிறகு தம்பிக்குப் போன் செய்து எந்த வண்டி என்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

ஆடி முதல் நாள் கூட்டம். கோவிலுக்குப் போகிறவர்கள், வேப்பிலைக் கட்டு, கூழ்ப் பானை, புதுச்சேலைப் பைகள். செண்பகம் பூவை அளந்துகொண்டே யாரையோ வைதுகொண்டிருந்தாள். கண் ஆஸ்பத்திரி. வீட்டுமனை. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

“இங்கேருங்க, ஊர்ல எல்லாரும் புதுச்சேலை எடுத்தாச்சு. எனக்கு?”

செண்பகம் முழத்தை நிறுத்தினாள். “ஏ, இது ஆரு? நாயகம் பொண்டாட்டில்லா இது.”

“ஒனக்கு இல்லாமலா? கெளம்பு, பூங்கோதைக்கு.”

கண்டக்டர்கள்கூட நின்று மேலே பார்த்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை. விலை ரொம்ப இருக்குமே என்று மதினி பயந்து பயந்து கேட்டாள். அவர் சிரித்தார். பக்கத்திலேயே நிற்கிறேன் என்று அவளிடம் சொன்னார். நன்றாகப் பொருந்தியிருந்தது. எங்கேயும் ஒட்டுப் போட்டது தெரியவில்லை.

இனி மதுரைப் பெண் பாடுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பட்டும் உண்டு, பருத்தியும் உண்டு. பாடியது நான்.

நான்தான். ‘பொழுதும்’ என்கிற இடத்தில் மூச்சு பிடிக்கிற அதே நான். கூட அவர்.

மாடிக்கு ஏறினேன். “பாட்ட மாத்தலயா?”

“எங்க மாத்த?” என்றான் அந்தோணி. “அந்தப் பொண்ணு மதுரையிலேர்ந்து வந்து எறங்கிட்டு. ஆவுடை மதினி நேரா கடைக்கு வந்துட்டாக. பேச்சுதான் நான் கேட்டேன், பாட்டு வடிவோடது, அதுல எவனும் கை வைக்கக்கூடாதுன்னு அண்ணாச்சி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாக. அந்தப் பொண்ணு காபி குடிச்சிட்டு அடுத்த வண்டியில போயிட்டு.”

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லலயே.”

“ஒங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்னாக.”

இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் பலமாக இருக்கிறதா என்று எழுந்து நின்று பார்த்தேன். இருந்தது. தம்பிக்குப் போன் செய்தேன்.

“எந்த வண்டிக்கா? டிக்கெட் போடவா?”

“வரல தம்பி.”

“ஆடி முடிஞ்சு வாறியா?”

“ஆடி முடிஞ்சும் வரல. கொடைக்குக் கச்சேரி இருக்கு. கீபோர்டுக்குப் புதுப் பையன் ஒருத்தன் வாறான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

“அக்கா, அங்க ஒனக்கு என்னதான் இருக்கு? சொல்லேன்.”

அப்போது மறுபடியும் பாட்டு வந்தது. போனை ஸ்பீக்கர் பக்கமாக மேலே தூக்கிப் பிடித்தேன். முடிகிற வரைக்கும் பிடித்திருந்துவிட்டுக் காதில் வைத்தேன்.

“கேட்டுதா?”

“ஒண்ணும் கேக்கலக்கா. ஒரே பஸ் சத்தமும் ஆளுக சத்தமுமா இருக்கு.”

“அதான்” என்றேன்.